தலையெழுத்தை ஏற்க மறுத்த தாய்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

என் அக்காவுக்குப் பிள்ளை பிறந்த ஆண்டில் எங்கள் வீட்டில் ஒரு பெயர் நாள்தோறும் அடிபட்டது. முத்துலட்சுமி பணம் வந்துவிட்டதா என்று அம்மா கேட்பார். முதல் தவணை ஏறிவிட்டது, அடுத்ததற்கு நர்சம்மாவைப் பார்க்க வேண்டும் என்று அக்கா சொல்வாள். எங்கள் ஊரில் பிள்ளை பெற்ற பெண்கள் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்வார்கள். அது யாருடைய பெயர் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. ஏதோ ஒரு தெய்வத்தின் பெயரை அரசாங்கம் தன் திட்டத்துக்குச் சூட்டியிருக்கிறது என்றே எண்ணியிருந்தேன்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, என் அப்பத்தா இறந்தார். வாயில் புண் என்றார். மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் கொடுத்தோம். புண் ஆறவில்லை. மந்திரித்துப் பார்த்தோம். கன்னம் வீங்கிக் கஞ்சிகூட இறங்காமற் போன பிறகே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். முற்றிவிட்ட புற்றுநோய் என்று மருத்துவர்கள் கூறினார்கள். நாற்பது ஆண்டுகளாக அப்பத்தாவின் கன்னத்தில் புகையிலை அடங்கியிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அனைவரும் ஒரே சொல்லைச் சொல்லிச் சென்றார்கள். தலையெழுத்து!

அந்தச் சொல்லை வாழ்நாள் முழுவதும் ஏற்க மறுத்த ஒருவரைப் பற்றியே இக்கட்டுரையில் எழுதுகிறேன். அவர்தான் அக்காவின் பணத்துக்குப் பெயர் தந்தவர். நம் புதுக்கோட்டை மண்ணில் பிறந்தவர். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

பிறப்பும் பிள்ளைப் பருவமும்

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி, மன்னர் கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள், பெண்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் நிலவிய குலத்தில் பிறந்தவர். தந்தையின் படிப்பும் பதவியும் ஊரார் மதிப்பைப் பெற்றன. தாயின் பிறப்போ ஊரார் வாய்க்கு அவலாயிற்று. இவ்விரண்டுக்கும் நடுவே அந்தப் பெண் வளர்ந்தாள்.

பூப்பெய்திய பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவது அந்நாளில் வழக்கமில்லை. முத்துலட்சுமியின் பள்ளிப் படிப்பும் அவ்வாறே நின்றது. ஆனால் படிப்பு நிற்கவில்லை! தந்தையின் துணையுடன் வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிகுலேஷன் தேறினார். அதன்பின் ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் இடம் கேட்டார். எதிர்ப்பு எழுந்தது. ஒரு பெண் வந்தால் பையன்களின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்றார்கள் சிலர். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவர்களுக்குச் செவிசாய்க்கவில்லை. இடமும் கொடுத்தார், உதவித்தொகையும் அளித்தார். மூடு வண்டியில் கல்லூரிக்கு வந்து, மாணவர்கள் கண்ணில் படாதபடி திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்டார் அந்த ஒற்றை மாணவி.

சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையேயான வினாடி வினாப் போட்டிக்காக அந்த மன்னர் கல்லூரிக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. இன்று அது அரசுக் கல்லூரி. உயர்ந்த தூண்களின் கீழே நின்றபோது, இங்கே திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் எப்படிக் கரும்பலகையைப் பார்த்திருப்பார் என்று எண்ணினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். மூன்றாம் வரிசைப் பெஞ்சில் உட்கார எனக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. பரிசு பெறாமல் திரும்பினோம். ஆனால் அந்த எண்ணம் என்னுடனேயே வந்துவிட்டது.

மருத்துவ மாணவி

1907-ஆம் ஆண்டு முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரிக்குப் பெண்கள் முற்றிலும் புதியவர்கள் அல்லர். 1875-லேயே மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணியும் வேறு மூவரும் அங்கே சேர்ந்து படித்திருந்தனர். எனினும் முத்துலட்சுமி சேர்ந்த காலத்திலும் நம் நாட்டுக் குடும்பங்களிலிருந்து வந்த பெண்கள் மிகச் சிலரே.

மருத்துவ மாணவரின் வாழ்வு எளிதானதன்று. பிணத்தை அறுத்து நரம்பையும் தசையையும் எண்ண வேண்டும். நோயாளியின் சீழையும் குருதியையும் அருவருப்பின்றித் தொட வேண்டும். இரவெல்லாம் விழித்துப் பிரசவம் பார்க்க வேண்டும். இவற்றுக்கு நடுவே புத்தகங்களையும் படிக்க வேண்டும். முத்துலட்சுமிக்கோ உடல்நலமும் ஒத்துழைக்கவில்லை. ஆஸ்துமா அவரை வாட்டியது. மூச்சுக்குத் தவித்த மாணவி பிறர் மூச்சைக் காக்கப் படித்தாள் என்றால் அது மிகையன்று.

அந்நாளைய மருத்துவம் எத்தகையது என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும். எக்ஸ் கதிர் 1895-இலும் ரேடியம் 1898-இலும்தான் கண்டுபிடிக்கப்பட்டன. பெனிசிலினைப் பற்றி உலகம் கேள்விப்படவே இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. புற்றுநோய்க்குக் கத்தி ஒன்றே பெரும் மருந்து. அதுவும் நோய் பரவுமுன் வந்தவர்க்கே பயன்பட்டது. நம் மக்களோ கடைசியில்தான் வந்தார்கள். பெண்கள் ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்ட நாணி, வீட்டுக்குள்ளேயே நோயை மறைத்து மாண்டார்கள்.

1912-ஆம் ஆண்டு பல பதக்கங்களுடனும் பரிசுகளுடனும் முத்துலட்சுமி பட்டம் பெற்றார். சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகப் பணியேற்ற முதல் பெண் அவரே. படிக்கும் காலத்திலேயே சரோஜினி நாயுடுவின் நட்பைப் பெற்றுப் பெண்கள் கூட்டங்களுக்குச் செல்லத் தொடங்கியிருந்தார்.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று முன்னரே சொல்லி, அதற்கு அவர் உடன்பட்ட பின்னரே மணத்துக்கு இசைந்தார். நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் இதைக் கேட்டாள் என்பதை, இன்று மணமேடை ஏறப்போகும் என் தோழியர் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

தங்கையின் மரணம்

மணவாழ்வும் மருத்துவத் தொழிலும் செழித்திருந்த நாளில் பேரிடி ஒன்று விழுந்தது. அம்மையாரின் அன்புத் தங்கை இளம் வயதிலேயே புற்றுநோய்க்கு இரையானார். அக்காவோ பதக்கங்கள் வாங்கிய மருத்துவர். நகரிலோ பெரிய மருத்துவமனைகள். எல்லாம் இருந்தும் தங்கையைக் காக்க முடியவில்லை.

இவ்விடத்தில் வழக்கமான மனிதர் என்ன செய்வார்? அழுவார், விதியை நோவார், சில காலம் சென்றபின் ஆறுதல் அடைவார். எங்கள் வீட்டில் நாங்கள் செய்ததும் அதுதான். அம்மையாரோ அந்தத் துயரத்தை ஆற விடவில்லை. 1925-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றபோது, பெண்களுக்கான செல்சி மருத்துவமனையில் மகளிர் நோய்களைப் பயின்றதோடு, புற்றுநோயைக் கண்டறியும் முறைகளையும் சிகிச்சை முறைகளையும் கருத்தூன்றிக் கற்றார். முன்கூட்டியே கண்டுகொண்டால் இந்நோயை வெல்லலாம் என்ற உறுதியுடன் தாயகம் திரும்பினார்.

சட்டமன்றத்தில்

ஆனால் அதற்குள் வேறொரு கடமை அவரை அழைத்தது. 1926-இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றம் ஏறிய முதல் பெண் அவர். 1927-இல் அம்மன்றத்தின் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அங்கே அவர் எதிர்த்து நின்ற கொடுமைகள் இரண்டு. ஒன்று, குழந்தை மணம். பெண்ணுக்குப் பதினாறும் ஆணுக்கு இருபத்தொன்றும் நிறைந்த பின்னரே மணம் நடைபெற வேண்டுமென்று வாதிட்டார். மற்றொன்று, பொட்டுக்கட்டும் வழக்கம். அது தெய்வத் தொண்டு, பழமையான மரபு, அந்தப் பெண்களுக்கு இறைவன் விதித்தது என்று படித்த பெரியவர்களே பேசினார்கள். தம் தாயின் குலத்துத் துயரை அறிந்த அம்மையார் அஞ்சாமல் போராடினார். அவ்வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் முழுமையாக நிறைவேற 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காந்தியடிகள் 1930-இல் கைது செய்யப்பட்டபோது அதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். அவ்வாண்டிலேயே, விடுதிகள் ஏற்க மறுத்த சிறுமியர் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களுக்குத் தம் வீட்டிலேயே இடமளித்தார். அதுவே அவ்வை இல்லமாக மலர்ந்தது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்றும் அவர் மன்றத்தில் வற்புறுத்தினார். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று புலனாயிற்று. குழந்தை மணமாகட்டும், பொட்டுக்கட்டாகட்டும், நோயாகட்டும், அம்மையார் அனைத்தையும் ஒரே கண்ணால் பார்த்தார். ஊர் அதைத் தலையெழுத்து என்றது. அவர் அதைத் தடுக்கக்கூடிய தீமை என்றார்.

அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகள்

1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரி தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடியது. அதன் பழைய மாணவியான அம்மையார் அவ்விழாவில், புற்றுநோய்க்கென்று ஒரு தனி மருத்துவமனை அமைக்க வேண்டும் என்ற தம் எண்ணத்தை வெளியிட்டார். சென்னையில் கதிரியக்கச் சிகிச்சைக்குப் பர்னார்டு நிலையம் முந்திய ஆண்டுதான் திறக்கப்பட்டிருந்தது. அது மட்டும் போதாது, நோயைத் தடுக்கவும் ஆராயவும் சிகிச்சை தரவும் ஓரிடம் வேண்டும் என்பது அவர் கனவு.

கனவு நனவாகப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. போர் வந்தது, பஞ்சம் வந்தது, விடுதலை வந்தது. அரசு அலுவலகங்களின் படிகளை அம்மையார் ஏறி இறங்கினார். புற்றுநோய் கண்டவர் எப்படியும் சாகத்தானே போகிறார், அவருக்கெதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று அதிகாரத்தில் இருந்தவர்களே கேட்டார்கள். பாருங்கள், எங்கள் துக்க வீட்டில் ஒலித்த சொல்லே அங்கும் வேறு உருவில் ஒலித்திருக்கிறது! அதற்கு அவர் சினந்து பதில் கூறிக்கொண்டிருக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கி, வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டினார். மகன் கிருஷ்ணமூர்த்தியை இத்துறையில் பயிற்சி பெற அயல்நாட்டுக்கு அனுப்பினார்.

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் பன்னிரண்டே படுக்கைகளுடன் அடையாற்றில் மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போது அம்மையாருக்கு வயது அறுபத்தேழு. மற்றவர்கள் ஓய்வு நாடும் வயதில் அவர் தொடங்கினார்!

அடுத்த ஆண்டு, அரசு வேலை கையில் கிடைத்தும் அதை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, சாந்தா என்னும் இளம் பெண் மருத்துவர் அங்கு வந்து சேர்ந்தார். தொடக்கத்தில் ஊதியமின்றியே உழைத்தார். டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் மருத்துவமனை வளாகத்தையே வீடாக்கிக்கொண்டார்கள். 1950-களிலேயே கோபால்ட் கதிர்ச் சிகிச்சைக் கருவி அங்கு வந்தது. ஏழைகள் கட்டணமின்றிச் சிகிச்சை பெற்றார்கள். டாக்டர் கிருஷ்ணமூர்த்தி 2010-இலும் டாக்டர் சாந்தா 2021-இலும் மறையும் வரை அம்மையார் ஏற்றிய விளக்கு அவர்கள் கையில் அணையாதிருந்தது. பன்னிரண்டு படுக்கைகள் இன்று பல நூறாகப் பெருகியுள்ளன.

1956-இல் பத்மபூஷண் விருது அம்மையாரைத் தேடி வந்தது. 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள், எண்பத்திரண்டை எட்டச் சில நாட்களே இருக்கையில், அவர் இயற்கை எய்தினார்.

அறிவியல் காட்டும் வழி

அம்மையார் நம்பியதை அவருக்குப் பின் வந்த அறிவியல் மெய்ப்பித்தது. புற்றுநோய்களில் நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது வரை தடுக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. விலங்கியல் மாணவி என்ற முறையில் அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நம் உடலின் அணுக்கள் ஒரு கட்டுப்பாட்டுடன் பிரிந்து பெருகுகின்றன. அக்கட்டுப்பாட்டை எழுதி வைத்திருக்கும் மரபுப்பொருள் மீண்டும் மீண்டும் சேதமுற்றால், ஒரு நாள் ஓர் அணு கட்டுக்கு அடங்காமல் பெருகத் தொடங்கும். புகையிலையில் அத்தகைய சேதம் செய்யும் நச்சுப்பொருள்கள் பல உள்ளன. பீடி, சிகரெட்டின் புகை நுரையீரலைத் தாக்குகிறது. கன்னத்தில் அடக்கிய புகையிலை வாயைத் தாக்குகிறது. புகையிலை போடாமல் வெறும் வெற்றிலை பாக்கு போட்டால் தீங்கில்லை என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அதுவும் உண்மையன்று. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று ஆய்வாளர்கள் உறுதி செய்துள்ளனர். இவற்றோடு மது சேர்ந்தால் கேடு பன்மடங்காகும்.

பெண்களைத் தாக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். இதைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹாசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்குத் தடுப்பூசி உண்டு. சிறுமியராக இருக்கும்போதே போட்டுக்கொண்டால் பலன் மிகுதி. இந்தியாவிலேயே தயாரான தடுப்பூசிக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது. முப்பது வயது கடந்த பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கருப்பைவாய், மார்பகப் பரிசோதனை செய்கிறார்கள். சில நிமிட வேலை. ஆனால் நம் தாய்மார் போகிறார்களா? நாணம் தடுக்கிறது, ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலை தடுக்கிறது, ஏதாவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் எல்லாவற்றிலும் அதிகமாகத் தடுக்கிறது.

நான் பார்த்த வெள்ளைத் திட்டு

இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். எழுது, நாலு பேருக்கு உதவும் என்றார். ஆகவே எழுதுகிறேன்.

நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் பல் மருத்துவர் ஒருவர் ஊர் மக்களின் வாயைப் பரிசோதித்தார். டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை எனக்கு. ஒருவர் கன்னத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளைத் திட்டு தெரிந்தது. வலியே இராது, ஆனால் துடைத்தாலும் போகாது, இது பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடும் என்று மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். முகாம் முடிந்து வீடு திரும்பிய இரவே அம்மாவை வாயைத் திறக்கச் சொன்னேன். அப்பத்தாவின் சுருக்குப்பை அம்மாவின் இடுப்புக்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நடவுக்குப் போகும்போது பசி தெரியாமலிருக்கப் பழகியது. இடது கன்னத்தில் அதே வெள்ளைத் திட்டு இருந்தது.

அம்மா வர மறுத்தார். ஒன்றுமில்லை, வெந்தது என்றார். அப்பத்தாவும் அப்படித்தானே சொன்னார் என்று கேட்டேன். அதன் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் இரண்டு பேருந்து மாறி அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். சிறிது சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும் வரை எனக்குப் பாடம் ஏறவில்லை. பருவத் தேர்வில் ஒரு தாளில் மதிப்பெண்ணும் குறைந்தது. முடிவு வந்தது. புற்று இல்லை. ஆனால் புகையிலையை விடாவிட்டால் நாளை வரலாம் என்றார் மருத்துவர்.

அம்மா விட்டுவிட்டார் என்று எழுத எனக்கு ஆசை. முழு உண்மை அதுவன்று. இரண்டு மாதம் தொடவே இல்லை. பிறகு நடவு நாளில் ஒரு துண்டு வாயில் போட்டதைக் கண்டுபிடித்தேன். இருபது ஆண்டுப் பழக்கம் ஒரு சொல்லில் போய்விடாது. மறுபடியும் விட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் விளக்கைப் பிடித்து நான் பார்க்கிறேன். திட்டு பெரிதாகவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடமும் காட்டி வருகிறோம்.

மாணவத் தோழர்களே! நாம் எல்லாரும் முத்துலட்சுமி அம்மையாரைப் போல மருத்துவமனை கட்டிவிட முடியாது. ஆனால் நம்மில் பலர் நம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். வீட்டில் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்பவர்கள் நாம். ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் நாம். நாம் தலையெழுத்து என்று சொல்லிவிட்டால் வீட்டில் வேறு யார்தான் மறுத்துச் சொல்வார்கள்? இந்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அம்மாவின், அப்பாவின், பாட்டியின் வாயை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, காரணமில்லாத கட்டியோ இருந்தால் காலம் தாழ்த்தாமல் அழைத்துச் செல்லுங்கள். பேராசிரியப் பெருமக்களும் தம் மாணவரிடம் இதை ஒருமுறை நினைவூட்டுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

அக்காவின் குழந்தைக்கு இப்போது இரண்டு வயது. பெண் குழந்தை. முத்துலட்சுமி பணம் என்று வீட்டில் இன்றும் சொல்கிறோம். அது யாருடைய பெயர் என்று இப்போது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

வாழ்க அம்மையாரின் புகழ்!